79-க்கு 79: ஜியோன்புக்கா, உல்சானா?

தென்கொரியக் கால்பந்தின் முதல்நிலை லீக்கான கே லீக் 1-இன் 2019 சீசனைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: உல்சான் ஒரே ஒரு கோலில் பட்டத்தைக் கோட்டைவிட்டது. புள்ளிப்பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 38 ஆட்டங்களின் முடிவில் ஜியோன்புக் ஹூண்டாய் மோட்டார்ஸ் 79 புள்ளி, 72 கோல். உல்சான் ஹூண்டாய் 79 புள்ளி, 71 கோல். புள்ளிகள் சமமானால் கொரியாவில் முதலில் பார்ப்பது யார் அதிகக் கோல் அடித்தார்கள் என்பதைத்தான். 72 பெரிது, 71 சிறிது. கோப்பை ஜியோன்புக்குக்குப் போனது.

எனக்கு இந்த 'ஒரு கோல்' கதையில் உடன்பாடு இல்லை. உல்சான் இன்னொரு கோல் அடித்து 72-72 என்று ஆகியிருந்தால் அடுத்து கோல் வித்தியாசத்தைப் பார்த்திருப்பார்கள். அதில் ஜியோன்புக் அடித்தது 72, வாங்கியது 32; வித்தியாசம் 40. உல்சான் வாங்கியது 39, வித்தியாசம் 32. கூடுதலாக ஒன்று அடித்திருந்தால் 33. அப்போதும் பட்டம் ஜியோன்புக்குக்கே. அந்த ஒரு கோல் ஒரு தோல்வியைச் சமனாகவோ ஒரு சமனை வெற்றியாகவோ மாற்றியிருந்தால் புள்ளியே கூடியிருக்கும். அது வேறு கணக்கு. சும்மா ஒரு கோல் கூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு வேண்டும். இந்தச் சின்னக் கணக்கைப் போடாமலேயே பலரும் உல்சானுக்காக உச்சுக்கொட்டிவிட்டார்கள்.

அப்படியானால் இரண்டில் எது உண்மையிலேயே சிறந்த அணி? அதை அலசுவதற்கு முன் ஒரு குடும்பக் கதை. இரண்டு அணிகளின் பெயரிலும் ஹூண்டாய் இருப்பது தற்செயல் அல்ல. ஹூண்டாயை நிறுவிய சுங் ஜூ-யுங்கின் சாம்ராஜ்யம் மகன்களிடையே பிரிந்தபோது, கார் நிறுவனம் ஒரு மகன் வழியாகவும் கப்பல் கட்டும் கனரகத் தொழில் இன்னொரு மகன் வழியாகவும் போயிற்று. ஜியோன்புக் கார்க்காரர்களின் அணி. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்களே, அதே ஹூண்டாய்தான். உல்சான் கப்பல்காரர்களின் அணி. வேடிக்கை என்னவென்றால் கார் நிறுவனத்தின் மாபெரும் தொழிற்சாலை இருப்பதும் உல்சான் நகரத்தில்தான். ஜியோன்புக் அணியின் ஊரான ஜியோன்ஜு பக்கம் லாரியும் பஸ்ஸும் செய்கிறார்கள். ஆக, இது பங்காளிச் சண்டை. பணத்துக்கு இரு வீட்டிலும் பஞ்சமில்லை என்பதால், மூன்றாவதாக வந்த எஃப்சி சியோல் 56 புள்ளியிலேயே நின்றுவிட்டது. மேலே இருவர், இருபத்து மூன்று புள்ளி கீழே மற்ற எல்லோரும்.

ஜியோன்புக் அந்த ஆண்டு நடப்புச் சாம்பியன். 2009-இலிருந்து 2018-க்குள் ஆறு பட்டம். ஆனால் அந்த ஆறையும் வாங்கித் தந்த பயிற்சியாளர் சோய் காங்-ஹீ 2018 முடிவில் சீனாவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் போர்ச்சுகலின் ஜோசே மொராய்ஸ். இன்டர் மிலான், ரியல் மாட்ரிட், செல்சி என்று புகழ்பெற்ற பயிற்சியாளர் மொரின்யோவின் நிழலில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். உல்சானின் கதை வேறு. அவர்களின் கடைசி லீக் பட்டம் 2005-இல் வந்தது. பயிற்சியாளர் கிம் தோ-ஹூன், கொரிய அணியின் பழைய முன்கள வீரர். ஜப்பானின் காஷிவா ரெய்சோலிலிருந்து நடுக்கள வீரர் கிம் போ-க்யோங்கைக் கடனாக வாங்கினார்கள். ஜூலையில் கோல்கீப்பர் கிம் சுங்-க்யூவை விஸ்ஸல் கோபேயிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பட்டம் வென்றே தீர வேண்டும் என்று ஆள் சேர்த்த அணி அது.

கோல் வந்த வழியைப் பார்த்தால் இரு அணிகளின் குணம் பிடிபடும். உல்சானுக்கு பிரேசில்காரர் ஜூனியர் நெக்ராவோ 19, கிம் போ-க்யோங் 13. இந்த இருவர் மட்டுமே 32. ஜியோன்புக்கில் முதலிடம் லோபெஸ், வெறும் 11. மூன் சியோன்-மின் 10. நாற்பது வயதில் ஆடிக்கொண்டிருந்த லீ டோங்-கூக் 9. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரமுள்ள கிம் ஷின்-ஊக்கும் 9 அடித்திருந்தார். ஆனால் அவர் ஜூலையில் பழைய குரு சோய் காங்-ஹீயைத் தேடி ஷாங்காய் ஷென்ஹுவாவுக்குப் போய்விட்டார். பட்டப் போட்டியின் நடுவில் இப்படி ஒரு முன்கள வீரரை விற்றுவிட்டு, அதற்குப் பிறகும் லீக்கிலேயே அதிகக் கோல் அடித்தது என்பதைத்தான் நான் ஜியோன்புக்கின் பெரிய சாதனையாகச் சொல்வேன். ஒருவரைக் கட்டிப்போட்டால் இன்னொருவர் அடித்தார். உல்சானிடம் ஜூனியருக்கு மாற்று கிடையாது.

தற்காப்பில் கடைசி நாள் வரை பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 37 ஆட்டங்களில் உல்சான் வாங்கியது 35 கோல்தான், ஜியோன்புக் 32. அந்த 39 என்ற எண்ணின் அசிங்கம் முழுக்க ஒரே பிற்பகலில் சேர்ந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெற்றிகளை எண்ணினால் உல்சான் 23, ஜியோன்புக் 22. அதாவது அதிக ஆட்டம் வென்றவர்கள் உல்சான். அதிக ஆட்டம் தோற்றவர்களும் அவர்களே: ஐந்துக்கு மூன்று. ஜியோன்புக் 13 ஆட்டங்களைச் சமன் செய்தது. ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களைக் கைநழுவவிடும் பழக்கம் மொராய்ஸின் அணிக்கு ஆண்டு முழுக்க இருந்தது. சாம்பியன் அணிக்கு 13 சமன் என்பது பெருமைப்படக்கூடிய எண் அல்ல. உல்சான் துணிந்து ஆடி வென்றது, சில நேரம் விழுந்தது. ஜியோன்புக் வெல்ல முடியாதபோதும் விழாமல் நின்றது. வெற்றிக்கு மூன்று, சமனுக்கு ஒன்று என்ற புள்ளி முறையில் இரண்டு வழியும் 79-இல் வந்து முட்டியது.

உல்சானின் ஐந்து தோல்விகளைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அதில் மூன்று ஒரே எதிரியிடம்: போஹாங் ஸ்டீலர்ஸ். உல்சானிலிருந்து கடற்கரை வழியே வடக்கே போனால் வரும் உருக்கு நகரம். அந்த ஆண்டு இரு அணிகளும் நான்கு முறை மோதின. போஹாங் மூன்றை வென்றது. பட்டியலில் நான்காவதாக முடிந்த ஓர் அணி, சாம்பியன் ஆகவேண்டிய அணியிடமிருந்து மூன்று முறை மூன்று புள்ளிகளைப் பறித்தது. உல்சானின் பட்டம் ஜியோன்ஜுவில் தொலையவில்லை, போஹாங் சாலையில்தான் தொலைந்தது.

நேருக்கு நேர் மோதலில்? மே மாதம் உல்சானில் 2-1 என்று உல்சான் வென்றது. ஜூலையில் ஜியோன்ஜுவில் 1-1. ஆகஸ்ட் 16 அன்று அதே ஜியோன்ஜுவில் ஜியோன்புக் 3-0. ஒரு சுய கோல், லோபெஸ் இரண்டு. நவம்பர் 23 அன்று உல்சானில் மீண்டும் 1-1. ஆளுக்கு ஒரு வெற்றி, இரண்டு சமன். கோல் கணக்கு மட்டும் 6-4 என்று ஜியோன்புக் பக்கம்.

அந்த நவம்பர் ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன் உல்சான் 78, ஜியோன்புக் 75. சொந்த மைதானம். வென்றால் அன்றே பட்டம். இரண்டாம் பாதி தொடங்கியதும் கிம் ஜின்-சு அடித்தார். டச்சுத் தற்காப்பு வீரர் புல்தாய்ஸ் 71-ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். தோற்கவில்லையே என்ற நிம்மதியில் உல்சான் வெளியேறியது. இனி கடைசி ஆட்டத்தில் ஒரு சமன் போதும். எதிரணி யார் என்று பார்த்தால், போஹாங்.

உல்சான் ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். 2013-இல் இதே டிசம்பர் 1, இதே போஹாங், அப்போதும் கடைசி ஆட்டம், அப்போதும் சமன் போதும். இஞ்சுரி டைமின் ஐந்தாவது நிமிடத்தில் கிம் வோன்-இல் அடித்த கோலில் பட்டம் போஹாங்குக்குப் போனது. அன்று உல்சான் வலையைக் காத்தவரும் கிம் சுங்-க்யூதான்.

2019 டிசம்பர் 1. போஹாங்குக்கு வாண்டர்சன் 26-ஆவது நிமிடத்தில் அடித்தார். பத்து நிமிடத்தில் ஜூனியர் ஈடுகட்டினார். அதே வேளையில் ஜியோன்ஜுவில் 39-ஆவது நிமிடத்தில் சோன் ஜுன்-ஹோ தலையால் முட்டி காங்வோனுக்கு எதிராக 1-0 ஆக்கினார். இடைவேளையில் உல்சான்தான் சாம்பியன். 55-ஆவது நிமிடத்தில் இல்யூசெங்கோ போஹாங்கை 2-1 என்று முன்னே கொண்டுபோனார். அப்போதும் ஒரே ஒரு கோல் அடித்துச் சமன் செய்தால் 80 புள்ளி, பட்டம்.

87-ஆவது நிமிடம். பந்து உல்சான் பக்கத்திலேயே எல்லைக்கோட்டைத் தாண்டியது, த்ரோ-இன் உல்சானுக்கு. நேரம் போகிறதே என்ற தவிப்பில் கோல்கீப்பர் கிம் சுங்-க்யூ தன் இடத்தை விட்டு ஓடிவந்து தானே பந்தை எடுத்து எறிந்தார். அது நேரே போஹாங்கின் ஹியோ யோங்-ஜுன் காலில் போய் விழுந்தது. பின்னால் வலையில் யாரும் இல்லை. 3-1. இஞ்சுரி டைமில் பாலோசெவிச்சின் பெனால்டி, 4-1.

இந்த இடத்தில்தான் விதியின் விசித்திரம் வெளிப்படுகிறது. 4-1 என்று பின்தங்கிய பிறகும் உல்சானுக்கு ஆட்டத்தைச் சமன் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு கோல் அடித்து 4-3 என்று தோற்றிருந்தாலே 73 கோலுடன் சாம்பியன் ஆகியிருப்பார்கள். சொந்த மைதானத்தில் நான்கு கோல் வாங்கித் தோற்றபடியே கோப்பையைத் தூக்கும் வாய்ப்பைத் தரும் விதி என்ன விதி என்று எனக்குப் புரியவில்லை.

அதிகக் கோல் அடித்தவருக்கே முன்னுரிமை என்ற இந்த ஏற்பாட்டைக் கொரியர்கள் 2016-இல் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லதுதான், பூட்டிவைத்து ஆடும் அணிகளை அடித்து ஆடத் தூண்டுவது. ஆனால் 5-4 என்று வென்றவரை 3-0 என்று வென்றவரைவிட மேலே வைக்கும் முறை, தற்காப்பு வீரர்களையும் கோல்கீப்பரையும் பாதி ஆட்டக்காரர்களாகக் கருதுகிறது. இங்கிலாந்திலும் ஜப்பானிலும் முதலில் கோல் வித்தியாசம். ஸ்பெயினில் நேருக்கு நேர். நம் இந்தியன் சூப்பர் லீக்கிலும் (ஐஎஸ்எல்) 2018-19-இல் பெங்களூரும் கோவாவும் 34 புள்ளியில் நின்றபோது, கோல் வித்தியாசத்தில் கோவா முன்னால் இருந்தும், நேரடி மோதல்களை வைத்து பெங்களூருக்கு முதலிடம் கொடுத்தார்கள். இத்தாலி 2022-23 முதல் பட்டத்துக்குத் தனியாக ஓர் ஆட்டமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது.

இந்த அளவுகோல்களை 2019 கொரியாவுக்குப் பொருத்திப் பாருங்கள். கோல் எண்ணிக்கையில் ஜியோன்புக். கோல் வித்தியாசத்தில் ஜியோன்புக், அதுவும் எட்டுக் கோல் தூரத்தில். நேருக்கு நேரில் புள்ளி சமம், கோலில் ஜியோன்புக். ஆளுக்கு இரண்டு ஆட்டம் சொந்த மண்ணில் நடந்ததால் அதில் குறை சொல்லவும் முடியாது. வெற்றிகளின் எண்ணிக்கையை முதலில் பார்த்திருந்தால் மட்டும் உல்சான். கொரிய விதியில் அது கோல் வித்தியாசத்துக்கும் பின்னால்தான் வருகிறது. தனி ஆட்டம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உல்சான் ரசிகர்கள் கேட்கலாம். முந்தைய வாரம்தான் அப்படி ஓர் ஆட்டம் அவர்கள் மைதானத்திலேயே நடந்ததே என்பது என் பதில்.

ஆகவே மோசமான விதி, சரியான சாம்பியன். என் ஓட்டு கோல் வித்தியாசத்துக்கு. அதை வைத்திருந்தால் இந்த 'ஒரு கோல்' புலம்பலும் பிறந்திருக்காது. ஆட்டத்தின் அழகுக்கு ஓட்டுப் போடச் சொன்னால் உல்சானுக்குப் போடுவேன். கொரியர்களும் அப்படித்தான் செய்தார்கள்: சிறந்த பயிற்சியாளர் விருது மொராய்ஸுக்கு, சீசனின் சிறந்த வீரர் விருது இரண்டாமிடம் பிடித்த அணியின் கிம் போ-க்யோங்குக்கு. அடுத்த ஆண்டு அவர் ஜியோன்புக்கில் சேர்ந்துவிட்டார் என்பதைச் சொன்னால் உல்சான்காரர்கள் இன்னும் கோபப்படுவார்கள்.

2020-இல் உல்சான் பாடம் கற்றதுபோல் கோலாகக் குவித்தது. ஜூனியர் மட்டும் 27 ஆட்டங்களில் 26. அணிக்கு மொத்தம் 54, ஜியோன்புக் 46. கொரோனாவால் சுருங்கிய அந்த சீசனில் புள்ளி சமமாகியிருந்தால் அந்த விதியே உல்சானைத் தூக்கிவிட்டிருக்கும். சமமாகவில்லை. ஜியோன்புக்குடன் மோதிய மூன்று லீக் ஆட்டத்திலும் தோற்று, 60-57 என்று மூன்று புள்ளியில் மறுபடியும் இரண்டாமிடம். 2021-இலும் அதே கதை, 76-74. பதினேழு ஆண்டுக் காத்திருப்பு முடிந்து கோப்பை உல்சானுக்கு வந்தது 2022-இல்தான், 76-73 என்று, எந்த உபவிதியின் தயவும் இல்லாமல்.