சியெனா நகராட்சி அருங்காட்சியகம்: ஓவியத்துக்காகப் போங்கள், கூட்டத்தோடு மட்டும் போகாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது இரண்டு விமர்சனம். ஒன்று, இத்தாலியின் சியெனா நகரத்தில் பலாஸோ பூப்ளிகோ என்ற நகராட்சி மாளிகையின் மாடியில் இருக்கும் நகராட்சி அருங்காட்சியகத்துக்கு. இன்னொன்று, என்னை அங்கே அழைத்துப்போன வழிகாட்டிச் சுற்றுலாவுக்கு. முதலாவதுக்கு ஐந்துக்கு ஐந்து. இரண்டாவதுக்கு ஒன்று, அதுவும் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றதற்காக.

சுற்றுலாவை முதலில் முடித்துவிடுவோம். 45 யூரோ, இரண்டு மணி நேரம், குழுவில் 22 பேர். காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த கருவி பாதி நேரம் கரகரத்தது. நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை, சதுக்கத்தில் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பல குழுக்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். நான் போனதே அம்ப்ரோஜோ லொரென்செத்தி 1338-39-ல் வரைந்த நல்லாட்சி, கெட்ட ஆட்சி சுவரோவியங்களுக்காக. அந்த அறையில் நாங்கள் நின்றது 11 நிமிடம். அதில் பாதி ஓவியத்தில் நடனமாடுகிறவர்களுக்குப் போய்விட்டது. நடுவில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரரைக் காட்டி "இவர்தான் ராஜா" என்றார் வழிகாட்டி. இடப்பக்கச் சுவரைப் பார்த்துக் கையை வீசி, "இது சிதைந்துவிட்டது, பார்க்க ஒன்றுமில்லை, வாருங்கள்" என்றார். கிளம்பும்போது "கடவுளே இல்லாத முதல் ஓவியம் இது" என்று ஒரு முத்தாய்ப்பு வேறு.

மூன்றும் தப்பு. மறுநாள் தனியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் அந்த ஒரே அறையில் நின்றேன். கால் வலித்தது, ஆனால் போனது வீண் இல்லை.

அறை யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் இந்த ஓவியத்துக்குள் நுழைய முடியாது. 1287-லிருந்து 1355 வரை சியெனாவை ஆண்டது 'நோவே' எனப்பட்ட ஒன்பது பேர் குழு. பெரும்பாலும் வட்டிக்கடை, வணிகம் செய்த பணக்காரக் குடும்பத்து ஆட்கள். பழைய பிரபுக் குடும்பங்களுக்கு அதில் இடம் இல்லை. ஒவ்வொரு ஒன்பது பேருக்கும் பதவிக்காலம் இரண்டே மாதம், அந்த இரண்டு மாதமும் இந்தக் கட்டடத்திலேயே தங்க வேண்டும். அப்புறம் அடுத்த ஒன்பது பேர். ஓவியம் இருப்பது அவர்களுடைய அறையில்தான். இது கோயிலில் மாட்டிய படம் இல்லை, அலுவலகத்தில் மாட்டியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வந்து உட்காருகிற ஆட்களின் கண்ணெதிரே மூன்று சுவரிலும் தீட்டி வைத்த உத்தரவு என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது.

இப்போது அந்த 'ராஜா'. ராஜாவே இல்லாத ஊரில் ராஜா எங்கிருந்து வந்தார்? அவர் உடை கறுப்பு வெள்ளை, அது சியெனாவின் நிறம். காலடியில் ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும். ரோமைப் போலவே தங்களுக்கும் ஓநாய் வளர்த்த இரட்டையரின் பரம்பரைதான் என்று சொல்லிக்கொண்ட ஊர் அது. தலையைச் சுற்றி இருக்கும் நான்கு எழுத்து, 'சியெனா மக்களின் நகராட்சி, கன்னி மரியாளின் நகரம்' என்பதன் சுருக்கம். ஆக, கையில் செங்கோல் இருந்தாலும் அவர் மன்னர் இல்லை. ஊரே ஆள் வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது. அல்லது 'பொது நன்மை' என்ற கருத்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் எது என்பதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை. நிக்கொலாய் ரூபின்ஸ்டைன் இதற்கு அரிஸ்டாட்டில், கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் வழியாகப் பொருள் சொன்னார். குவென்டின் ஸ்கின்னர் அதை மறுத்து, பழைய ரோமச் சிந்தனையாளர் சிசரோவிலும், ஓவியம் வரைந்த காலத்து இத்தாலிய நகர நிர்வாகக் கையேடுகளிலும் வேரைத் தேடினார். எனக்கு இரண்டாவது தரப்புப் பக்கம்தான் மனம் சாய்கிறது. வட்டிக்கடை நடத்தியவர்கள் கையேடு படித்திருப்பார்கள் என்று நம்புவது எளிது.

தாடிக்காரர் இருக்கும் அந்தச் சுவரில் நான் அதிக நேரம் நின்ற இடம் இடது கீழ்மூலை. மேலே ஞானம், அதற்குக் கீழே அவளை அண்ணாந்து பார்த்தபடி நீதி, அவளுடைய தராசின் இரண்டு தட்டிலும் ஆளுக்கொரு தேவதை. அங்கிருந்து இரண்டு கயிறு இறங்கி வந்து கீழே உட்கார்ந்திருக்கும் ஒற்றுமை என்பவளின் கையில் ஒரே கயிறாகச் சேர்கிறது. அவள் அதைப் பக்கத்தில் நிற்கும் குடிமக்களிடம் கொடுக்க, 24 பேர் வரிசையாக அதைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாடிக்காரர் வரை கொண்டுபோகிறார்கள். கயிறு அவர்களைக் கட்டவில்லை. கவனியுங்கள், அவர்கள்தான் அதைப் பிடித்திருக்கிறார்கள். கட்டப்பட்டவர்கள் எதிர்ப்பக்கம், வலது மூலையில், படைவீரர்களுக்கு நடுவே கைதிகளாக நிற்கிறார்கள். இத்தாலிய மொழியில் கயிறு 'கோர்தா', ஒற்றுமை 'கொன்கோர்தியா'. சிலேடையைச் சுவர் முழுக்க இழுத்து வைத்திருக்கிறார் மனிதர்.

ஒற்றுமையின் மடியில் ஒரு மரக்கருவி இருக்கிறது. முதல் நாள் அதைப் பெட்டி என்று நினைத்தேன். தச்சரின் இழைப்புளி. மேடு பள்ளத்தைச் சீவிச் சமமாக்குகிற சாமான், ஒற்றுமைக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் கிடையாது. இதற்கு ஜோடி எங்கே என்றால், 'பார்க்க ஒன்றுமில்லை' என்று வழிகாட்டி தாண்டிப்போன அந்தச் சிதைந்த சுவரில். அங்கே பிளவு என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். உடையில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு, அதன் மேல் 'ஆம்', 'இல்லை' என்று எழுத்து. கையில் ரம்பம், தன்னையே அறுத்துக்கொள்கிறாள். ஒரே தச்சுப் பட்டறையிலிருந்து எடுத்த இரண்டு சாமான், அறையின் இரண்டு சுவரில். அந்த 45 யூரோவில் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தாலே நான் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

அந்தச் சுவர் நிறைய உதிர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் நடுவில் கொம்பும் கோரைப் பல்லுமாக உட்கார்ந்திருக்கும் கொடுங்கோலாட்சி நன்றாகவே தெரிகிறது. அதன் காலடியில் நீதி கட்டிப்போட்டுக் கிடக்கிறாள், அவள் தராசு உடைந்து கிடக்கிறது. தலைக்கு மேலே பேராசை, அகந்தை, வீண்பெருமை. அந்தப் பக்கத்து நகரத்தில் ஒழுங்காக வேலை நடக்கிற கடை ஒன்றுதான், ஆயுதம் அடிக்கிற கொல்லன் பட்டறை.

சரி, 'கடவுளே இல்லாத ஓவியம்' கதைக்கு வருவோம். தாடிக்காரரின் தலைக்கு மேலே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்ற மூன்று கிறிஸ்தவப் பண்புகளும் பறந்துகொண்டிருக்கின்றன. நீதியைச் சுற்றி எழுதியிருப்பது வேதாகம வரி, 'உலகை ஆள்வோரே, நீதியை நேசியுங்கள்' என்று. அதே வரி பக்கத்து மண்டபத்தில் சிமோனே மார்த்தினி 1315-ல் வரைந்த பெரிய மரியாள் ஓவியத்திலும், குழந்தை இயேசுவின் கையில் இருக்கும் ஏட்டில் இருக்கிறது. சுற்றுலா அதை வாசலிலிருந்தே எட்டிப் பார்க்க வைத்துவிட்டு நகர்ந்தது. உள்ளே போய்ப் படித்தால், மரியாளே அவை உறுப்பினர்களிடம் எளியவர்களை ஒடுக்காதீர்கள் என்று எச்சரிப்பதுபோல ஊர் மொழியில் கவிதை எழுதியிருக்கிறார்கள். ஆகவே மதம் ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என்று அந்த ஊர்க்காரர்கள் கோடு போடவே இல்லை. லொரென்செத்தி செய்த புதுமை கடவுளை வெளியே அனுப்பியது இல்லை. புனிதர்கள் உட்கார வேண்டிய வரிசையில் அமைதி, துணிவு, விவேகம் எல்லாரையும் அதிகாரிகள் மாதிரி உட்கார வைத்ததுதான். அமைதி மட்டும் கழற்றிப்போட்ட கவசத்தின் மேல் சாய்ந்து, கையில் ஆலிவ் கிளையோடு ஓய்வெடுக்கிறாள்.

இன்னொன்று, படத்துக்குக் கீழேயும் இத்தாலியக் கவிதையில் விளக்கம் இருக்கிறது. 1309-10-ல் இதே ஊர் தன் சட்டத்தை லத்தீனிலிருந்து மக்கள் மொழிக்கு மாற்றி, லத்தீன் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தது. அந்தப் பழக்கம்தான் இங்கேயும்.

வலப்பக்கச் சுவர்தான் ஃபிரிட்ஜில் ஒட்ட விற்கிற எல்லா காந்த வில்லையிலும் இருக்கும் சுவர். நகரமும் நாட்டுப்புறமும். கூரை மேல் சாரம் கட்டி வேலை செய்யும் கொத்தனார்கள், செருப்புக்கடை, மாணவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர், குதிரையில் போகும் மணப்பெண், மூலையில் எட்டிப் பார்க்கும் பேராலயத்தின் கும்மட்டம். நடுவில் கைகோத்து ஆடுகிற ஒன்பது பேர், கஞ்சிரா மாதிரி ஒன்றைத் தட்டிப் பாடுகிற பத்தாவது ஆள். அவர்கள் பெண்களா, இளைஞர்களா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. பக்கத்தில் நிற்கிறவர்களைவிடப் பெரிதாக வரைந்திருக்கிறார், உடைகளில் புழுவும் தும்பியும். தெருவில் அன்றாடம் நடக்கிற ஆட்டம் இல்லை, ஏதோ ஒன்றுக்கு அடையாளம் என்பது வரை தெளிவு. ஆனால் இதை வைத்து 'பாருங்கள், சியெனா எவ்வளவு மகிழ்ச்சியான ஊர்' என்று வழிகாட்டி சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருபது வருடம் முன்னால், 1318-ல், ஆட்சியில் இடம் கிடைக்காத கசாப்புக்காரர்களும் நோட்டரிகளும் இந்த ஒன்பது பேருக்கு எதிராகக் கலகம் செய்திருக்கிறார்கள். சுவரில் எல்லாரும் சமர்த்தாக வேலை பார்க்கிறார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வரையச் சொல்லிப் பணம் கொடுத்தது யார் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் நகர வாசலுக்கு மேலே பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய ஒருத்தி இறக்கையோடு பறக்கிறாள், பெயர் பாதுகாப்பு. ஒரு கையில் ஏடு: எல்லாரும் பயமில்லாமல் நடக்கட்டும், உழுது விதைக்கட்டும், இவள் ஆளும் வரை. இன்னொரு கையில் தூக்குமரம், அதில் ஒரு ஆள் தொங்குகிறான். சின்னதாகத்தான் இருக்கிறான். கீழே அதே பாதையில் பணக்காரர்கள் வேட்டைக்குப் போகிறார்கள், தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றியை ஒருவன் ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வருகிறான், யாரும் மேலே பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இவளுக்கு நேர் எதிராக வாளோடு பறக்கிறவளின் பெயர் அச்சம். இரண்டு ஆட்சியிலும் வாசலுக்கு மேலே ஏதோ ஒன்று பறக்கத்தான் செய்கிறது.

போகிறவர்களுக்கு: சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப்போங்கள், முகங்கள் உயரத்தில் இருக்கின்றன. இதே கட்டடத்தின் மாங்ஜா கோபுரத்தில் ஏறுகிற எண்ணம் இருந்தால் அதை வேறு நாளைக்கு வையுங்கள், ஏறக்குறைய 400 படி ஏறி இறங்கிய காலோடு இந்த அறையில் நிற்க முடியாது. ஓவியத்தைப் பார்த்து முடித்ததும் மேலே தெற்கு நோக்கிய திறந்த மாடத்துக்குப் போய், சுவரில் பார்த்த மேட்டு நிலத்தை நேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுற்றுலா நிறுவனத்துக்கு இதில் பாதியை எழுதி அனுப்பினேன். அடுத்த முறைக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்று பதில் வந்தது. கூடவே அலங்காரத்துக்கு ஒரு படம், ஆடுகிற ஒன்பது பேர்.