கேரவன் வாடகைக்கு எடுக்கப்போகிறவர்களுக்கு: ஒட்டிவைத்த ரசமட்டத்தை நம்பி ரூ. 41,500 இழந்த கதை

நான் கட்டிய முன்பணம் முப்பதாயிரத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது என்று, அந்த வாடகைச் செயலியிலிருந்து நேற்று மாலை மூன்று வரியில் ஒரு செய்தி வந்தது. வண்டியை மணலிலிருந்து மீட்ட செலவு என்று ஏற்கெனவே பிடுங்கிக்கொண்ட ரூ. 7,000, வண்டியில் இல்லவே இல்லாத ஒரு வசதிக்காக வாங்கிய ரூ. 4,500 ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் ரூ. 41,500 போய்விட்டது. இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். செயலியின் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள், ஆகவே பெயர் இல்லை. சினிமாப் படப்பிடிப்புக்குப் போகும் கேரவனைப் போல உள்ளே படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்த வண்டிகளைச் சென்னையில் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் செயலி என்று மட்டும் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால் எங்கே போனாலும் குளிர்சாதனப் பெட்டி வேண்டும், கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். கேரவன் என்றால் இரண்டும் கூடவே வரும் என்றுதான், மாமல்லபுரத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் மூன்று நாள் தங்குவதற்கு, ஓட்டுநரோடு சேர்த்துப் பதிவு செய்தேன். விளம்பரத்தில் ‘ஆட்டோ லெவலிங்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் நான்கு கால்கள் கீழே இறங்கி வண்டி தானாகவே மட்டமாகிவிடுமாம். அதற்கு நாளொன்றுக்கு ரூ. 1,500 கூடுதல். அம்மா நடக்கும்போது தடுமாறக் கூடாதே என்று அதையும் யோசிக்காமல் கட்டினேன்.

மட்டம் என்பது நடப்பதற்கு மட்டுமல்ல என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அந்த வண்டியில் இருந்தது நம் வீட்டில் இருப்பதுபோல் கம்ப்ரஸர் வைத்த பெட்டி அல்ல, கேஸில் எரியும் வகை. அதில் சுழலும் உறுப்பு எதுவும் கிடையாது. அடியில் இருக்கும் சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே போய், குளிர்ந்து, சரிவான குழாய்களின் வழியாகத் தன் எடையாலேயே கீழே இறங்கி வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் திரவம் வழியிலேயே தேங்கிவிடும், கொதிகுழாய் வறண்டு சூடேறும். பல மாதிரிகளுக்குப் பக்கவாட்டுச் சாய்வின் எல்லை சுமார் 3 டிகிரிதான்.

தோப்பில் தரை முழுக்க மணல், கடல் பக்கமாகச் சரிவு. வண்டி நின்றதும் பொத்தானைத் தேடினேன், எங்கேயும் இல்லை. ஓட்டுநரோடு வந்த உதவியாள் பையன் கையால் சுற்றும் நான்கு ஜாக்கிகளை நான்கு மூலையிலும் இறக்கத் தொடங்கினான். “ஆட்டோ லெவலிங் எங்கே தம்பி?” என்று கேட்டேன். “அது சர்வீஸ்ல இருக்கு சார், இதுவும் அதே வேலையைத்தான் செய்யும்” என்றான். அதே வேலையைச் செய்யாது. மூலை ஜாக்கிகள் ஏற்கெனவே மட்டமாக நிற்கும் வண்டி ஆடாமல் இருப்பதற்கானவை. சாய்ந்த வண்டியைத் தூக்கி நிமிர்த்த அவற்றுக்குத் தெம்பு கிடையாது. தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் சாய்வுக்கட்டை வைத்து வண்டியை அதன்மேல் ஏற்றியிருக்க வேண்டும். பையனிடம் சாய்வுக்கட்டையும் இல்லை, ஜாக்கிக்கு அடியில் போடப் பலகையும் இல்லை. தோப்பு வேலி ஓரத்திலிருந்து நான்கு அரைச் செங்கல்லைப் பொறுக்கி வந்து வைத்தான்.

அதன்பிறகு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, அவர்களையும் சரி, என்னையும் சரி. சமையல் மேடையின் ஓரத்தில், விரல் நீளத்தில் பச்சைத் திரவம் நிரம்பிய, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி நடுவில் நின்றால் மட்டம் என்று காட்டும் ரசமட்டம் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஓட்டுநர் என்னை உள்ளே அழைத்து, “பபுள் நடுவுல நிக்குது பாருங்க சார், அம்மா கண்ணை மூடிட்டு நடக்கலாம்” என்றார். உண்மையிலேயே குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றது. நான் இருபத்திரண்டு வருடமாகக் கட்டட வேலையில் இருப்பவன். தளத்துக்குப் புதிதாக ரசமட்டம் வந்தால் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்துப் பார்ப்பேன். குமிழி இடம் மாறினால் அதைத் தூக்கி எறியச் சொல்வேன். ஒட்டிவைத்ததை எப்படித் திருப்புவது? அந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் பையன் கையில் இருநூறு ரூபாய் வேறு கொடுத்தேன். இருவரும் ஊருக்குள் தங்கப் போய்விட்டார்கள்.

அரை மணி நேரத்தில் என் மனைவி காபி கலந்து மேடையில் வைத்தாள். எவர்சில்வர் டம்ளரின் விளிம்புக்குக் கீழே ஓடும் கோட்டைக் காபி இடது பக்கம் தொட்டுக்கொண்டிருந்தது, வலது பக்கம் அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஏழு சென்டிமீட்டர் அகல டம்ளரில் அரை சென்டிமீட்டர் என்றால் 4 டிகிரிச் சாய்வு. சக்கரங்களுக்கிடையே 170 செ.மீ. இருக்கும் வண்டியில் ஒரு பக்கம் 12 செ.மீ. தாழ்ந்து நிற்கிறது என்று பொருள். டம்ளருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைக் குமிழி மட்டும் நகராமல் நடுவிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்திருந்தால் இன்று என் பணம் என்னிடம் இருந்திருக்கும். நான் காபியைக் குடித்துவிட்டேன்.

இரவு இரண்டரை மணிக்குச் செங்கல் உடைந்து பின்பக்க இடது ஜாக்கி மணலில் இறங்கியது. பாத்திரங்கள் சரிந்து விழுந்த சத்தத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காலை எட்டு மணிக்குத்தான் வந்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெளியைவிட வெதுவெதுப்பாக இருந்தது. பிரிக்காத இரண்டு இன்சுலின் பேனாக்களை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக்கொண்டு, வாடகைக் காரில் அன்றைக்கே நங்கநல்லூர் திரும்பினோம்.

அதன்பின் ஒன்பது நாள் தொலைபேசியில் போயிற்று. முதலில் பேசிய பெண், “உங்க கஷ்டம் புரியுது சார், டிக்கெட் போட்டிருக்கேன்” என்றார். மறுநாள் பேசியவருக்கு அந்த டிக்கெட்டைப் பற்றி எதுவும் தெரியவில்லை. மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், 48 மணி நேரத்தில் அழைப்பார்கள் என்று மூன்று முறை சொன்னார்கள், ஒரு முறையும் அழைக்கவில்லை. வண்டி சாய்ந்திருந்தது, உங்கள் ஆள்தான் அப்படி நிறுத்தினார் என்று எழுதியதற்கு, அந்தப் பச்சை ரசமட்டத்தின் படத்தையே எனக்கு அனுப்பி, வண்டி சரியான மட்டத்தில்தான் இருந்தது என்று பதில் தந்தார்கள். நேற்று வந்த செய்தியோ, வாடிக்கையாளர் வண்டியைச் சாய்வாக நிறுத்திப் பயன்படுத்தியதால் குளிர்சாதனப் பெட்டி எரிந்துவிட்டது, ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவின்படி மட்டமாக நிறுத்துவது வாடிக்கையாளரின் பொறுப்பு, ஆகவே முன்பணம் கழிக்கப்பட்டது என்கிறது. நான் புகார் சொன்னால் வண்டி மட்டம், அவர்கள் பணம் பிடித்தால் வண்டி சாய்வு. ஓட்டியது அவர்களுடைய ஆள், ஜாக்கி வைத்தது அவர்களுடைய பையன், ரூ. 41,500 மட்டும் என்னுடையது. பழுதுபார்த்த ரசீது கேட்டேன்; பட்டறையின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத ஒரு தாளை அனுப்பினார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்கான தாள்களை அடுக்கும் வேலை இருப்பதால் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிமுனையிலோ உங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடையிலோ ஒரு சின்ன ரசமட்டம் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள், அதைக் குறுக்கிலும் நெடுக்கிலும் திருப்பித் திருப்பி வைத்துப் படமெடுங்கள். முதலில் பக்கவாட்டு மட்டம், அடுத்துச் சக்கரங்கள் உருளாமல் தடுக்கும் அடைகட்டை, அதற்கப்புறம்தான் ஜாக்கி. மணலானால் அகலப் பலகை இல்லாமல் ஜாக்கியை இறக்க விடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் கைபிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், அடைகட்டை போடாமல் பின்பக்கத்தைத் தூக்கினால் வண்டியே உருண்டுவிடும், உள்ளே ஆள் இருக்கும்போது தூக்க விடவே கூடாது. நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: எனக்கு வந்தது வெள்ளைப் பிளேட், அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டி, விபத்து நடந்திருந்தால் காப்பீட்டில் வில்லங்கம் வந்திருக்கும். முன்பணத்தை எந்தக் காரணத்துக்காகக் கழிப்பார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே போன்ற செயலியில் இதே பச்சைக் குமிழியைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், படம் வைத்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.