பெஸ்தாரி ஜெயா பக்கம் வீடு பார்ப்பவர்கள் கவனத்துக்கு: முன்பணத்தைத் தனியாள் கணக்கில் போடாதீர்கள்

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், பூஞ்சாக் ஆலாம் வட்டாரத்தில் முதல் வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களிடம் 9,900 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்ட வீட்டு ஏஜெண்ட் ஒருவர் இன்னும் இந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார். பெயரைப் போட்டால் முதலில் எனக்குத்தான் வக்கீல் கடிதம் வரும், அதனால் போடவில்லை. ஆள் எப்படி வேலை செய்கிறார் என்று சொல்கிறேன், நீங்களே அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நானும் வீட்டுக்காரரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 2007இல் ஊர்ப் பெயரை மாற்றினாலும் என் மாமியாருக்கு இது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். 1917இல் தொடங்கிய தென்னமரம் தோட்டம், மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், இங்கேதான் இருக்கிறது. செம்பனை வந்து நூறு வருடம் தாண்டிய ஊரில், குலை வெட்டியவர்களின் பிள்ளைகள் நாங்கள் இப்போதுதான் சொந்த வீட்டுக்கு லோன் பாரம் தூக்கிக்கொண்டு அலைகிறோம். சரி, அது வேறு கதை.

எங்கள் முன்னால் இரண்டு தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) இருந்தன. ஒன்று ஈஜோக் பக்கம். பழைய தாமான், சின்ன வீடு, ஆனால் லத்தார் நெடுஞ்சாலை பக்கத்தில் இருப்பதால் ரவாங்கில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்குத் தோது. இன்னொன்று பெஸ்தாரி ஜெயாவில், ஆற்றுப் பக்கம். வீடு பெரியது, பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தார்கள். விலை 330,000 வெள்ளி. அதே வரிசையில் மற்ற வீடுகளுக்கு 370,000 கேட்கிறார்கள். ஏன் இது மட்டும் மலிவு என்று அந்த ஏஜெண்டிடம் கேட்டதற்கு, “ஓனருக்கு அவசரம்க்கா, கே.எல்.ல வேற வீடு வாங்கிட்டாரு” என்றார்.

இரண்டு வீட்டையும் காட்டியது அவரே. தமிழ்ப் பையன், கோயில் திருவிழாவில் பார்த்த முகம், வாய்க்கு வாய் அக்கா. “ஈஜோக் வேணாங்க்கா, மழை பேஞ்சா தண்ணி ஏறும். இங்க யூனிசெல் யூனிவர்சிட்டி இருக்கு, ஒரு ரூமை ஸ்டூடண்ட்ஸுக்கு விட்டா லோன்ல பாதி அதுலயே போயிரும்.” அப்புறம் வழக்கமான பாட்டு: சாயந்திரம் ஒரு சீனக் குடும்பம் பார்க்க வருகிறது, இப்போதே புக்கிங் போட்டால்தான் வீடு நிற்கும். இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. அந்த வீட்டைச் சீனக் குடும்பமும் வாங்கியிருக்க முடியாது. காரணம் கீழே வருகிறது.

புக்கிங் மூன்று விழுக்காடு, 9,900. “கம்பெனி அக்கவுண்ட்ல ஆடிட் நடக்குதுக்கா, என் அக்கவுண்ட்ல போடுங்க, நான் மாத்திவிட்டுர்றேன்” என்றார். கம்பெனி முத்திரை குத்திய ரசீதையும் கையில் கொடுத்தார். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் இந்தப் பணம் நிறுவனத்தின் கிளையண்ட் கணக்குக்குத்தான், அதாவது வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் அதற்கு எந்த வேலையும் இல்லை.

எங்கள் லாயர் நிலப் பதிவைத் தேடிப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பட்டாவில் ‘செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்’ என்று ஒரு பகுதி உண்டு, நிலத்துக்கு என்ன கட்டுப்பாடு என்று அதில்தான் எழுதியிருக்கும். இது பூமிபுத்ரா லாட், அதாவது மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கிய மனை. பூமிபுத்ரா அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. மாநில அரசு விலக்கு கொடுத்தால் உண்டு. ஒருமுறை விற்று முடித்த வீட்டுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு. வாங்கக்கூடியவர்கள் குறைவு என்பதால்தான் இப்படிப்பட்ட வீடுகள் மலிவாக வருகின்றன. 40,000 வெள்ளி வித்தியாசத்துக்குக் காரணம் ஓனரின் அவசரம் இல்லை. அது மட்டுமா, 99 வருடக் குத்தகை நிலம் வேறு. எங்களிடம் ஃப்ரீஹோல்ட் என்றல்லவா சொன்னார்.

போன் போட்டுக் கேட்டேன். பதறவே இல்லை. “லாயரை மாத்துங்கக்கா. நம்ம லாயர்கிட்ட வாங்க. மலாய்க்கார ஃபிரண்ட் ஒருத்தர் பேருல எழுதிட்டு, உங்களுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்துரலாம். நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க.” யோசித்துப் பாருங்கள். மாதாமாதம் தவணை நாம் கட்ட வேண்டும், வீடு வேறொருவர் பெயரில் இருக்கும். அவர் நாளைக்குத் திவாலானாலோ, இறந்துபோனாலோ, மனம் மாறினாலோ நம் கையில் என்ன இருக்கும்? முடியாது, பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும் குரல் மாறியது. வேண்டாம் என்று பின்வாங்கியது நாங்களாம், அதனால் புக்கிங் பணம் போச்சாம். அக்கா என்பதும் அன்றோடு நின்றுபோய் ‘மேடம்’ ஆகிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் ஏஜெண்ட் இல்லாமல் நாங்களே அந்தத் தெருவுக்குப் போனோம். வீட்டுக்கு வெளியே சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயிண்ட், அதற்கு மேலே பழைய மங்கின நிறம். வீடு காட்டும்போது இதைக் கேட்டதற்கு, குழந்தைகள் கிறுக்கியதை ஓனர் மறைத்திருக்கிறார் என்றிருந்தார். எதிர்வீட்டு மாக்சிக், மலாய்க்கார அம்மா, சிரித்தே விட்டார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தன் வீட்டுச் சுவரில் கைவைத்துக் காட்டினார், எங்கள் இடுப்புக்குச் சரியாக வந்தது. கார் நிறுத்தும் இடத்துச் சிமெண்டுத் தரையும் சுவரை விட்டு விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தது. வீடு காட்டிய அன்று ஏஜெண்ட் அந்த இடத்தில்தான் தன் காரை நிறுத்தியிருந்தார். தண்ணீர் ஏறும் என்று அவர் பயமுறுத்திய ஈஜோக் தாமானில் விசாரித்தால், வெள்ளமா, இங்கேயா என்று கேட்கிறார்கள். சும்மா சொல்லவில்லை, இந்த ஊரில் மண் இடத்துக்கு இடம் வேறு. ஆற்றங்கரை ஒரு பக்கம், பழைய ஈயக் குட்டைகள் ஒரு பக்கம், ராஜா மூசா காட்டை ஒட்டிய சதுப்பு நிலம் இன்னொரு பக்கம். வறட்சி வந்தால் அங்கே மண்ணே புகையும். அக்கம்பக்கத்தில் கேட்காமல் ஏஜெண்ட் வாயை நம்பித் தாமானை முடிவு செய்ய வேண்டாம்.

அவர் கழுத்தில் தொங்கிய ஆர்.இ.என். அட்டையின் (வீடு விற்பவருக்கான பதிவு அட்டை) எண்ணை, ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் எல்.பி.பி.இ.எச். வாரியத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்தோம். வேறொருவர் பெயர் வந்தது. பதிவில்லாமல் வீட்டு ஏஜெண்ட் வேலை செய்வது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 3 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. பணம் திரும்ப வருவதுதான் பெரும்பாடு. வீடு வாங்குவோர் நடுவர் மன்றம், கட்டி விற்கும் மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீடுகளுக்குத்தான், கைமாறி வரும் வீட்டுக்கு அங்கே இடமில்லை. வக்கீல் இல்லாமல் போகக்கூடிய சிறு வழக்கு நீதிமன்றத்தில் 5,000 வெள்ளிதான் உச்சவரம்பு. 9,900க்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையாக வழக்குப் போட வேண்டும். வாரியத்தில் புகார் கொடுத்தாயிற்று, போலீசிலும் கொடுத்தாயிற்று. எங்கள் லாயர் ஓனரைத் தேடிப்பிடித்துப் பேசினார். மனிதர் கையில் ஒரு காசு போகவில்லை. மலாய்க்காரருக்கு மட்டும்தான் விற்க முடியும் என்று முதல் நாளே ஏஜெண்டிடம் சொல்லிவிட்டாராம்.

கடைசியாகக் கேள்விப்பட்டது, ஆள் இப்போது ஜெராம் பக்கம் வீடு காட்டுகிறாராம். வெள்ளை மைவி கார், அதே ஆடிட் கதை. அவரிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். கோல சிலாங்கூர் போலீசில் நீங்களும் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள்.