70 மைக்ரான் வெள்ளை ஸ்ட்ரெய்னர்: மண்ணீரலுக்குப் போதும், மெஷினுக்குப் போதாது

திசுவைத் தேய்த்துத் தனிச் செல்களாக வடிக்கும் ஃபால்கன் செல் ஸ்ட்ரெய்னரில் நிறம்தான் வலைக்கண் அளவு: நீலம் 40 மைக்ரான், வெள்ளை 70, மஞ்சள் 100. சுண்டெலி மண்ணீரலிலிருந்து நோயெதிர்ப்புச் செல் எடுப்பவர்கள் வெள்ளையை வாங்கினால் போதும். லிம்போசைட் (நோயெதிர்ப்பு வெள்ளணு) 10 மைக்ரானுக்கும் கீழ்தானே, 40 இன்னும் சுத்தமாக வடிக்குமே என்று நீலத்துக்குப் போகாதீர்கள். மண்ணீரலின் மேலுறைத் துணுக்குகள் அதன் கண்களை அடைத்துவிடும். அடைத்தால் கை தானாக அழுத்தும்; அழுத்தினால் செல் உடையும்; உடைந்த செல்லின் டி.என்.ஏ. பசையாகி மிச்சக் கண்களையும் மூடும்.

வெள்ளையின் நைலான் வலை தேய்ப்புக்கு நன்றாகவே தாங்குகிறது. 50 மி.லி. ட்யூப் மேல் வைத்து, 1 மி.லி. பஃபரால் (பி.பி.எஸ். என்ற உப்புக்கரைசல், 2% எஃப்.பி.எஸ். என்ற மாட்டுக் கருவின் சீரம், உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ. 2 மில்லிமோலார்) வலையை முதலில் நனையுங்கள். 3 மி.லி. சிரிஞ்சின் பிளஞ்சரை உருவி, ரப்பர் முனையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும்; புளி கரைக்கிற அளவு அழுத்தம் போதும், அம்மியில் அரைக்கிற வேலை இல்லை. இடையிடையே பஃபர் விட்டுக் கழுவுங்கள். கடைசியில் வெளுத்த சவ்வு மட்டும் நிற்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் இன்னும் செல் இருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு எரிச்சல் உண்டு. ஸ்ட்ரெய்னர் ட்யூப் வாயில் இறுக உட்கார்ந்துவிட்டால் உள்ளே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் திரவம் வலை மேல் குளமாக நிற்கும். அடைத்துவிட்டது என்று நினைத்து அடுத்த ஸ்ட்ரெய்னரைப் பிரித்துவிடாதீர்கள். அதன் காதைப் பிடித்து ஒரு பக்கம் லேசாகத் தூக்கினால் சடக்கென்று இறங்கும். வலையின் அடிப்புறத்தில் தொங்கும் துளியையும் பிப்பெட்டால் உறிஞ்சிக்கொள்ளுங்கள், அதில் செல் நிறைய இருக்கும்.

பிறகு சென்ட்ரிஃபியூஜில் 4 டிகிரியில் 400 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றுங்கள். அடியில் படிந்த செல் திரளில் (பெல்லட்) சிவப்பணுவை உடைக்கும் ஏ.சி.கே. கரைசல் 1 முதல் 2 மி.லி., இரண்டு நிமிடம், உடனே 10 மி.லி. பஃபர். நேரம் தாண்டினால் சிவப்பணுவோடு வெள்ளணுவும் அடிவாங்கும். இந்தக் கட்டத்தில் சளி போல வெள்ளை நூல் மிதந்தால் அது செத்த செல்லின் டி.என்.ஏ. பிப்பெட் டிப் நுனியில் சுற்றி எடுத்துவிட்டு மறுபடி வடியுங்கள். டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் நொதி போடுவதானால் ஈ.டி.டி.ஏ. இல்லாத பஃபரில் போடுங்கள். அந்த நொதிக்கு வேண்டிய மக்னீசியத்தை ஈ.டி.டி.ஏ. பிடித்துவைத்துக்கொள்ளும். வளர்ந்த ஆரோக்கியமான எலி ஒன்றுக்குச் சுமார் 8 முதல் 10 கோடி செல் கிடைக்க வேண்டும்.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷினுக்கு இந்த ஒரு வடிப்பு பற்றாது. ஸ்டெயினிங் (சாயமேற்றல்), கழுவல், ஐஸில் காத்திருப்பு என்று போகும்போது செல்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதற்கு 35 மைக்ரான் வலைமூடி போட்ட 5 மி.லி. ட்யூப் தனியாக வாங்குங்கள், மெஷினில் ஏற்றுவதற்குச் சற்று முன் வடியுங்கள். மேலிருந்து சொட்டவிட்டால் இறங்காது. டிப்பை வலையில் நேராக வைத்து மெல்லத் தள்ள வேண்டும். இரட்டைச் செல் இதிலும் நழுவிப் போகும். அதை மெஷின் அளக்கும் எஃப்.எஸ்.சி. (செல் முன்னோக்கிச் சிதறடிக்கும் ஒளி) சிக்னலின் ஏரியாவையும் ஹைட்டையும் ஒப்பிட்டுப் பிரிக்கும் கேட்டிங்கில்தான் பிடிக்க முடியும்.

விலையைப் பார்த்து வெள்ளையைக் கழுவி மறுபடி பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வேண்டாம், முந்தைய எலியின் செல் வலையோரத்தில் தங்கிவிடும். சிக்கனம் வேண்டுமென்றால் நைலான் வலையை மீட்டரில் வாங்கி வெட்டி ஆட்டோகிளேவ் செய்துகொள்ளலாம், ஆனால் அது ஊற்றி வடிக்க மட்டுமே. பிளஞ்சரை வைத்தால் ஓரம் நழுவி எல்லாம் அப்படியே ட்யூப்புக்குள் போய்விடும்.