ஒலியின் வேகத்தை அளக்க எது நல்லது: கைத்தட்டலா, காற்றுத் தம்பமா, கைப்பேசியா?

காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். விடை முன்பே தெரிந்துவிடுவதால், சோதனையைச் செய்யும்போது மாணவர்களின் கண் அந்த எண்மீதே இருக்கும். ஒரு சோதனை 343-க்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்பதோடு, ஒலியைப் பற்றி எதைக் காட்டிக்கொடுக்கிறது என்பதையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கைத்தட்டல். பெரிய சுவரிலிருந்து 60 மீட்டர் தள்ளி நின்று தட்டினால், எதிரொலி 0.35 நொடியில் திரும்பிவிடும். ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதற்கே 0.2 நொடி போய்விடுமே, அப்புறம் எப்படி அளப்பது? எதிரொலி வந்து சேரும் அதே கணத்தில் அடுத்த தட்டல் விழும்படி தாளம் பிடிக்க வேண்டும். தாளம் சரியாகச் சேர்ந்ததும் எதிரொலி தட்டலுக்குள் மறைந்துபோகும், அதுதான் அடையாளம். 20 இடைவெளிக்கு 7 நொடி ஆகும், பிழையும் 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். முதல் தட்டலை மட்டும் 'சுழி' என்று எண்ணத் தொடங்குங்கள். 20 தட்டலில் 19 இடைவெளிதான் உண்டு. பலர் சறுக்குவது இங்கேதான்.

நியூட்டனும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் நீண்ட நடைவழியில் எதிரொலியை ஊசலாட்டத்தோடு ஒப்பிட்டு வேகத்தை அளந்து பார்த்தார். ஆனால் அவருடைய கோட்பாட்டுக் கணக்கு உண்மையைவிட 15 சதவீதம் வரை குறைந்தது. அலையில் அமுங்கும் காற்று சூடாகிறது. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பின்னால் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ்தான் திருத்தினார். அலைக்குள் நடப்பது எதுவும் கைத்தட்டலில் தெரியாது. ஒலி போய்வர நேரம் பிடிக்கிறது என்பதை மட்டும் அது காதாலேயே உணர வைக்கும்.

அலையைப் பார்க்க வேண்டுமானால், உள்ளே காற்றுத் தம்பம் அதிரும் ஒத்ததிர்வுக் குழாய்தான். 512 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 512 முறை அதிரும்) இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, நீரில் நிற்கும் குழாயின் வாய்மேல் பிடித்தபடி குழாயை மெல்ல உயர்த்துங்கள். காற்றுத் தம்பம் 16 சென்டிமீட்டரை நெருங்கும்போது, அதுவரை முனகிக்கொண்டிருந்த ஒலி சட்டென்று ஓங்கி எழும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தாண்டினால் தணிந்துவிடும். 49-ஐ ஒட்டி மறுபடியும் எழும். நீர்ப்பரப்பில் கணு (காற்று அசையாத இடம்), வாயருகே எதிர்க்கணு (மிக அதிகமாக அசையும் இடம்) என்று பாடத்தில் படித்தது அங்கே நிஜமாகவே நிற்கிறது.

முதல் நீளம் 15.9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது கால் அலைநீளம் என்று கொண்டு நான்கால் பெருக்கி, பிறகு 512-ஆல் பெருக்கி வேகத்தைக் கணக்கிட்டால் 326 தான் வரும். காரணம், எதிர்க்கணு குழாயின் வாயைத் தாண்டி, விட்டத்தில் 0.3 பங்கு அளவுக்கு வெளியே இருக்கிறது. இரண்டாவது நீளம் 49.4 என்றால், கழித்துப் பார்க்கும்போது அந்த முனைத்திருத்தம் தானாகவே நீங்கி 33.5 செ.மீ. கிடைக்கும். அது அரை அலைநீளம். இரட்டித்து 512-ஆல் பெருக்கினால் 343! நீளமான குழாய் இல்லை என்று இரண்டாவது அளவை விட்டுவிடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கைப்பேசி முறை விரைவானது. ஃபைஃபாக்ஸ் செயலியில் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச் உண்டு. இரண்டு பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒன்றின் அருகே தட்டினால் இரண்டும் ஓடத் தொடங்கும்; மற்றதன் அருகே தட்டினால் நிற்கும். இரண்டு நேரங்களின் வித்தியாசம் சுமார் 0.029 நொடி. அது ஏன் 5 மீட்டருக்கான நேரம்போல் இரு மடங்கு என்று யோசிப்பது அருமையான பயிற்சி. ஆனால் அலைநீளம் இதிலும் கண்ணில் படாது. பக்கத்தில் யாராவது இருமினாலும் கடிகாரம் ஏமாந்துவிடும்.

ஒரே ஒரு வகுப்புதான் கிடைக்கும் என்றால் குழாயைத்தான் எடுப்பேன். இரண்டு கிடைத்தால் கைத்தட்டலை அதற்கு முன்னால் வைப்பேன். எதைச் செய்தாலும் பக்கத்தில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். 30 டிகிரியில் 349 என்று வந்தால் அது சரியான விடை; 343 ஆக்குவதற்காக அதை அடித்துத் திருத்தாதீர்கள்.