வெள்ளவத்தைச் சட்டக்கடையும் அப்பாவின் கையெழுத்துப் படங்களும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கு மேல்மாடியில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் இருக்கிறது இந்தப் படச் சட்டக்கடை. படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று கூப்பிட்டால் கடைக்கார ஐயாவே இறங்கி வருவார்.

நடிகர், நடிகைகள் கையெழுத்திட்ட மூன்று படங்களைக் கொண்டுபோனேன். அப்பா காலமெல்லாம் பொத்திப் பொத்திச் சேர்த்தவை.

முதலாவது ருக்மணி தேவி. டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரோடு பிறந்து, 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும் படத்தின் நாயகியானவர். நீல ஊற்றுப்பேனா மையில் கையெழுத்து. முன்பு வேறொரு கடையில், படம் கண்ணாடியில் முட்டும்படியே சட்டம் போட்டிருந்தார்கள். பழைய படத்தாளின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிப் பசைபோல் ஆகிவிடும். எங்கள் வீடோ கடலுக்குப் பக்கம். நாற்பது வருட உப்புக்காற்றில் இடது கன்னம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

"இதைப் பிரிக்கச் சொல்லாதீர்கள் அம்மா. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்" என்றார் ஐயா. இழுத்துப் பார்க்கவும் இல்லை, காசு வாங்கவும் இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் ஊற்றுப்பேனா மை கரைந்துவிடும் என்றும், வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளுத்துவிடும் என்றும் சொல்லி, பழைய துணியில் சுற்றிக் கையில் தந்தார். அந்த மறுப்புக்காகவே நான் இந்தக் கடையை எவருக்கும் சொல்வேன்.

இரண்டாவது சிங்கள நடிகை மாலினி பொன்சேகா. 1978இல் சிவாஜியோடு 'பைலட் பிரேம்நாத்' படத்தில் நடித்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குத் தனி மரியாதை. இதற்குத்தான் முழு வேலையும் நடந்தது. படத்தைச் சுற்றி அமிலமில்லாத தடித்த அட்டையில் சாளரம் வெட்டி, கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டிருக்கிறார். பசை ஒரு துளியும் இல்லை. நான்கு மூலைகளையும் காகித மடிப்புகள் பிடித்திருக்கின்றன. கையெழுத்தின் கடைசிச் சுழிப்பை அட்டை மறைத்துவிடாமல் சாளரத்தைக் கீழே அரை அங்குலம் அகலமாக வெட்டியிருந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோடு 9,500 ரூபாய்.

மூன்றாவது, சென்னையிலிருந்து தபாலில் வந்த ஒரு நடிகரின் படம். ஐயா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பேனா மை தாளின் மேல் தனியே மினுங்க வேண்டும். இதில் மினுக்கமே இல்லை. உருப்பெருக்கியை என்னிடம் தந்தார். முகத்தில் இருந்த அதே அச்சுப் புள்ளிகள் கையெழுத்திலும் இருந்தன. ரசிகர்களுக்கு அனுப்ப மொத்தமாக அச்சடித்தது. "இதற்கு விலையுயர்ந்த கண்ணாடி வேண்டாம்" என்று 1,800 ரூபாய்க்குச் சாதாரணச் சட்டம் போட்டார். அப்பா ஆசையாக வைத்திருந்த படம்; எனக்கு அது போதும்.

குறையும் உண்டு. நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்குப் பதினொரு நாள் எடுத்தது, தொலைபேசியிலும் பதில் இல்லை. அவசர அன்பளிப்புக்கு இந்தக் கடை சரிவராது. சட்ட மரத்திலும் கறுப்பு, தேக்கு நிறம் இரண்டுதான். வங்கி அட்டையில் பணம் செலுத்த முடியாது.

ருக்மணி தேவியை இப்போது வெயில் எட்டாத உட்சுவரில் மாட்டியிருக்கிறேன். அதன் பூஞ்சணம் பிடித்த பின்பலகையை மட்டும் மாற்றலாமாம். மழை ஓய்ந்து காற்று காய்ந்திருக்கும் பெப்ரவரியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் ஐயா.