மனப்பாட ஜெபமா, சொந்த வார்த்தையா?

இயேசு தம் சீஷர்களுக்குச் சொல்லிக்கொடுத்த 'கர்த்தர் கற்பித்த ஜெபத்தை' அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடலாம். அதன் வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற வரியை, ஒருவரோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாட்களிலும் தடுமாறாமல் சொல்லியிருக்கிறேன். வாய்க்கு அவ்வளவு பழக்கம்.

சொந்த வார்த்தையில் ஜெபித்தால் அப்படித் தப்பிக்க முடியாது என்று நினைத்தேன். ஒரு வாரம் என் ஜெபத்தை நானே கவனித்தேன். அதே ஆரம்பம், அதே நாலைந்து விண்ணப்பம், நன்றி மட்டும் கடைசியில் அவசர அவசரமாக. அதுவும் மனப்பாடம்தான், நானே தயாரித்தது!

பைபிளில் மத்தேயு 6-ம் அதிகாரம் 7-ம் வசனத்தில் வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்ற இயேசு, 9-ம் வசனத்திலேயே அந்த ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். பிடிபடுவதற்குச் சற்றுமுன் கெத்செமனே என்ற இடத்தில் அவர் மன்றாடியது சொந்த வார்த்தையில். ஆனால் மறுபடியும் போய் அதே வார்த்தைகளைச் சொன்னார் என்கிறது மாற்கு 14:39. சிலுவையிலோ, பைபிளின் பழைய ஜெபப் பாடல்களில் ஒன்றான 22-ம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொன்னார்.

சந்தோஷமான நாளில் எனக்குச் சொந்த வார்த்தைதான் பிடிக்கும், இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை. ஆனால் வீட்டில் ஒரு மரணம் நடந்த இரவில் ஒரு வாக்கியம்கூட எழும்பவில்லை. 13-ம் சங்கீதத்தைத் திறந்தேன். ஆறே வசனம். முதல் இரண்டிலேயே 'எதுவரைக்கும்' என்று நாலு தடவை கேட்கிறது. அன்றைக்கு அதற்கு மேல் நான் எதையும் சேர்க்கவில்லை.